பழைய எண்ணில் வேறு ஆள்

2011-க்குப் பிறகு கோதண்டம் மலை ஏறவில்லை. திருத்தணியில் பிறந்து, திருத்தணியிலேயே வீடு கட்டி, மாடியில் துணி உலர்த்தும்போதெல்லாம் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவர் இத்தனை வருஷம் மேலே போகாமல் இருந்தால் ஊர் சும்மா இருக்குமா. சாமியோடு சண்டை என்கிறார்கள். சண்டையெல்லாம் இல்லை. ஆடிக் கிருத்திகை அன்று அவருக்குக் கீழே வேலை இருக்கிறது. மற்ற நாட்களில் கூட ஏற ஆள் இல்லை.

அந்த வருஷம் அவர் பூக்காவடி எடுத்தார். மனைவி மணியம்மை பால்குடம். மகள் மோனிஷாவுக்குப் பன்னிரண்டு வயது. சரவணப் பொய்கையில் முழுகி எழுந்து, காவடியைத் தோளில் வைத்துத் திரும்பினால் பெண்ணைக் காணோம். ஊரே மஞ்சள் உடுத்தியிருந்த கூட்டத்தில், மஞ்சள் பாவாடை என்று அடையாளம் சொல்லித் தேடினார்கள். பெண்ணோ பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் போலீஸ் கூடாரத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அவள் பெயரை அங்கே ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அது கேட்கிற தூரத்தில் அப்பா இல்லை. அப்பா கதறிய ஒலிபெருக்கி கேட்கிற தூரத்தில் பெண் இல்லை. பொழுது சாயும்போது ஒரு வளையல்காரர் வந்து சொல்லித்தான் தெரிந்தது.

அன்று இரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் நடுவே இல்லாமல் போன ஒன்றைத்தான் கோதண்டம் பிறகு செய்தார். ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சேவைக் குழுவுக்காக ஓர் இணையப் பக்கம். பொய்கைக் கரை, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், படிக்கட்டு அடிவாரம் என்று கூட்டம் சேரும் இடங்களில் குழுவின் பந்தல்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு லேப்டாப். வழி தவறி வந்தவரைப் படம் எடுத்து ஏற்றுவார்கள். தேடி வருபவர் சொல்வதையும் ஏற்றுவார்கள். எந்தப் பந்தலில் ஏற்றினாலும் எல்லாப் பந்தலிலும் தெரியும். லைன் உள்ளூர் கேபிள் டிவிக்காரர் உபயம். போன் இருக்கிறதே என்று கேட்கலாம். கிருத்திகை அன்று போனை நம்பித் திருத்தணிக்கு வருகிறவர் முதல் தடவை வருகிறவராகத்தான் இருப்பார். அத்தனை லட்சம் பேர் ஒரே நேரத்தில் போனைக் காதில் வைத்தால் டவர் என்ன செய்யும்.

வேலை அவருக்கு இதே வேலைதான். அம்பத்தூரில் ஒரு கம்பெனி. மற்றவர்களின் இணையதளங்கள் விழாமல் பார்த்துக்கொள்வது, விழுந்தால் தூக்கி நிறுத்துவது. வருஷக்கணக்கில் ரயிலில் போய் வந்தார். சீசன் டிக்கெட் கூட்டாளிகள் ஒரு பெட்டி நிறைய இருந்தார்கள். சீட்டுக் கச்சேரி, பஜனை, யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பெட்டியோடு போவது. கொரோனாவில் வீட்டிலிருந்தே வேலை என்றார்கள். பிறகு கம்பெனி ஆபீஸையே காலி செய்துவிட்டது. கூட்டாளிகளில் பாதிப் பேர் ஓய்வு பெற்றார்கள். மீதிப் பேர் இன்னமும் அதே ரயிலில்தான் போகிறார்கள். கோதண்டத்தின் வீட்டுக்கு அந்த ரயிலின் சத்தம் கேட்கும்.

மோனிஷா பெங்களூரில் வேலைக்குப் போகிறாள். குழந்தை பிறந்தபோது மணியம்மை அங்கே போனாள். மூன்று மாசம் என்றாள். குழந்தை குப்புற விழட்டும் என்றாள். நடக்கட்டும் என்றாள். இப்போது பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வருகிறேன் என்கிறாள். மனஸ்தாபம் எதுவும் கிடையாது. தினமும் போன் செய்கிறாள்.

"சாப்ட்டியா?"

"ஆங். நீ?"

"ஆச்சி. மாத்திரை?"

"போட்டாச்சி."

அவ்வளவுதான். இருக்கிறாயா என்று கேட்பதும் இருக்கிறேன் என்பதும். இரண்டு கம்ப்யூட்டர்கள் நொடிக்கொரு தரம் தங்களுக்குள் செய்துகொள்வதும் அதுதான். அதில் குறை சொல்ல அவருக்கு எதுவும் தோன்றியதில்லை.

இந்த வருஷமும் கிருத்திகைக்கு அவர் உட்கார்ந்தது பொய்கைப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் பாத்திர அறையில். அண்டா, குண்டா, இட்லிக் கொப்பரைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் மேஜை. அதன் மேல் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று வெப் சர்வர். பந்தல்களிலிருந்து வருகிற கேள்வியெல்லாம் முதலில் அதனிடம்தான் வரும். அதற்குச் சொந்தமாக ஒன்றும் தெரியாது. கேள்வியை வாங்கி, பக்கத்தில் இருக்கும் அப்ளிகேஷன் சர்வரிடம் கொடுத்து, அது சொல்லும் பதிலை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கும். படங்களும் விவரங்களும் கணக்கும் வழக்கும் இந்த இரண்டாவதிடம்தான். வெளியே பம்பை அடிக்கும்போதெல்லாம் காலி அண்டாக்கள் லேசாக ரீங்காரம் செய்தன. கூட்டம் எந்த அளவில் போகிறது என்று அந்தச் சத்தத்தை வைத்தே கோதண்டம் சொல்லிவிடுவார். வெளியே போய்ப் பார்த்ததில்லை.

மதியம் வரை எல்லாம் ஒழுங்காக ஓடியது. சாப்பாட்டு நேரம் தாண்டியதும் பிரேமா டீச்சர் அறை வாசலில் வந்து நின்றார். திருவாலங்காட்டுப் பக்கம் பள்ளிக்கூட ஆசிரியை. மண்டபத்துப் பந்தலுக்கு அவர்தான் பொறுப்பு.

"சார், பேஜ் வரல."

"ரெஃப்ரெஷ் பண்ணுங்க டீச்சர்."

"பண்ணிப் பண்ணி வெரலு தேஞ்சிடுச்சி. 'சேவை தற்போது இல்லை'ன்னு வருது. சேவைக் குழுன்னு பனியன்ல போட்டுக்கினு நின்னா, ஜனங்க எங்களப் பாத்து சிரிக்கறாங்க."

கோதண்டம் சிரிக்கவில்லை. டீச்சருக்குப் பின்னால் ஒரு பெண்மணி நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. உடம்போடு காய்ந்துபோன மஞ்சள் சேலை. காலில் செருப்பில்லை. சூடு தாங்காமல் ஒரு பாதத்தை இன்னொரு பாதத்தின் மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

"இவங்க கமலா. பள்ளிப்பட்டு," என்றார் டீச்சர். "வூட்டுக்காரரக் காணோம். காலைல இருந்து தேடிக்கினு இருக்காங்க. ஏத்தலாம்னா பேஜ் இல்ல."

"நீங்க சொல்லுங்கம்மா," என்றார் கோதண்டம்.

"வீராசாமிங்க அவரு பேரு. தறி நெய்யறவரு. வாதம் வந்து பேச்சு பூட்ச்சிங்கண்ணா. நடப்பாரு, துன்னுவாரு, எல்லாம் புரியும். வாயிலதான் ஒரு வார்த்த வராது. சுருட்ட முடி, நரச்சது. மீச பெருசா இருக்கும். பொம்பளைங்க குளிக்கற பக்கம் போவசொல்ல செருப்ப அவரு கைல குடுத்து, இங்கியே நில்லுன்னு சொன்னேன். வந்து பாத்தா ஆளு இல்ல."

"மத்த பந்தல்ல பாத்தீங்களா?"

"பொய்கையாண்ட பாத்தேன். பஸ் ஸ்டாண்டாண்ட வாசல்ல இருந்தே எட்டிப் பாத்தேன். அங்க எல்லாம் மொட்டைங்க. நம்ம ஆளு இல்ல. ரயிலாண்ட போலாம்னா ஜனம் வுட மாட்டேங்குது."

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "சார், அஞ்சு மணிக்கு வேன். தெரியுமில்ல."

தெரியும். மாலையானால் யாரும் வந்து அழைத்துப் போகாதவர்களை வேனில் ஏற்றித் திருவள்ளூர்ப் பக்கம் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். நல்லதற்குத்தான். ஆனால் பெயரும் சொல்லத் தெரியாமல் போகிறவரை அங்கிருந்து திரும்பக் கண்டுபிடிப்பது லேசில்லை. போன வருஷம் நகரி பக்கத்து அம்மாள் ஒருவரைக் கண்டுபிடிக்க அவர் மகன் பட்ட பாடு குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

கமலா வாசலிலேயே, கவிழ்த்து வைத்திருந்த ஓர் அண்டாவின் மேல் உட்கார்ந்தார். கோதண்டம் மேஜைக்குத் திரும்பினார்.

முதலில் அப்ளிகேஷன் சர்வரின் முன்னால் உட்கார்ந்து, அதிலேயே பக்கத்தைத் திறந்தார். திறந்தது. கடைசியாக வந்து சேர்ந்த விவரம் மேலே நின்றது. பஸ் ஸ்டாண்டு பந்தல். ஆண். மொட்டை. மஞ்சள் வேட்டி. 'பெயர் சொல்ல மறுக்கிறார்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். கட்டைவிரல் நகம் அளவுக்குப் படம். தலையில் சந்தனம், நெஞ்சோடு எதையோ அணைத்துப் பிடித்த கை. பை போலிருந்தது. ஆக, இது வேலை செய்கிறது.

வெப் சர்வரைப் பார்த்தார். அதுவும் உயிரோடுதான் இருந்தது. கேள்விகளை வாங்கிக்கொண்டிருந்தது. ஆனால் உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கிற இடத்தில் ஒவ்வொன்றும் முட்டி நின்றது. அதன் பதிவில் வரிசையாக ஒரே சொல். ரெஃப்யூஸ்ட். மறுக்கப்பட்டது.

"இன்னாதான் சார் பிரச்சன?" என்றார் டீச்சர்.

"ஓட்டல்ல மேஜைக்கு வந்து கேக்கறாரே, அவரு இருக்காரு. உள்ள சமையல்காரரும் இருக்காரு. இவரு போய்க் கேட்டா அவரு குடுக்க மாட்டேன்றாரு."

"சம்பளம் பாக்கியா?"

"காரணம் சொன்னாத்தானே."

ரெஃப்யூஸ்ட் என்ற அந்தச் சொல்லை அவர் நல்ல சகுனமாகத்தான் எடுத்துக்கொண்டார். அவருடைய தொழிலில் இரண்டு வகைத் தோல்வி உண்டு. கதவைத் தட்டினால் உள்ளிருந்து 'போய்யா' என்று குரல் வருவது ஒன்று. எவ்வளவு தட்டினாலும் சத்தமே இல்லாமல், தட்டியவர் கை வலித்துத் திரும்பி வருவது இன்னொன்று. முதலாவதில் வீட்டில் ஆள் இருப்பதாவது தெரியும். மறுப்பதற்கும் ஒருவர் வேண்டும். வெப் சர்வர் தட்டுகிற கதவில் இருக்கிறாயா என்று தனியாக ஒரு குரல் கொடுத்துப் பார்த்தார். இருக்கிறேன் என்று உடனே பதில் வந்தது. சரி, அப்ளிகேஷன் சர்வர்தான் அடம் பிடிக்கிறது என்று முடிவு கட்டினார்.

அந்த முடிவு அவருடைய மதியத்தை விழுங்கியது. அப்ளிகேஷன் சர்வரை நிறுத்திக் கிளப்பினார். அது எழுந்து சோம்பல் முறித்து வேலைக்கு வருவதற்குள் வெளியே இரண்டு காவடிக் கூட்டம் போய்விட்டது. பக்கத்தைத் திறந்தார். பஸ் ஸ்டாண்டு மொட்டை ஆள் வந்து நின்றார். வெப் சர்வர் வழியாகத் திறந்தார். மறுக்கப்பட்டது. பாதுகாப்புக்காகப் போட்டிருந்த தடைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். மொட்டை ஆள் வந்தார். மறுக்கப்பட்டது. மதியம் வரை ஒழுங்காக வேலை செய்த ஒன்று, யாரும் தொடாமல் எப்படிக் கெடும்.

கமலா தானாகவே பேசிக்கொண்டிருந்தார். பழக்கம் போலிருந்தது.

"வூட்லயும் இப்டித்தாங்கண்ணா. நான் பாட்டுக்குப் பேசிக்கினு இருப்பேன். கொழம்பு காரமான்னு கேப்பேன். நானே ஆமான்னு சொல்லிக்குவேன். பக்கத்து வூட்டுக்காரி சுவத்துக்கிட்ட காது வெச்சி, யார்கிட்ட சண்ட போடறன்னு கேப்பா." கோதண்டத்தின் பக்கம் திரும்பினார். "உங்க வூட்ல அக்கா வரலியா கிருத்திகைக்கு?"

"பெங்களூர்ல இருக்காங்க. பேரப் பிள்ள."

"அப்ப சமையலு?"

"நானேதான்."

"காரமா இருக்குதான்னு யாரக் கேப்பீங்க?"

கோதண்டம் விசைப்பலகைக்குத் திரும்பினார்.

பிரேமா டீச்சர் நீர்மோர் வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனார். கோதண்டம் வெப் சர்வரை மறுபடி ஒரு தரம் முயன்றார். இந்த முறை உடனே ஒன்றும் வரவில்லை. காத்திருந்தார். வெகுநேரம் கழித்து வந்தது வேறு செய்தி. பதில் இல்லை.

அதுவரை மறுத்துக்கொண்டாவது இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டதா? அவசரமாக அப்ளிகேஷன் சர்வரில் பக்கத்தைத் திறந்தார். மொட்டை ஆள் நிதானமாக வந்து நின்றார். அது நன்றாகத்தான் இருக்கிறது.

டீச்சர் மோரோடு வந்தார். கமலாவுக்கு ஒன்று, கோதண்டத்துக்கு ஒன்று. குடித்துவிட்டு மறுபடி முயன்றார். ரெஃப்யூஸ்ட்.

பந்தலில் ஒரு தகராறு என்று யாரோ கூப்பிட, டீச்சர் வெளியே போனார். கோதண்டம் முயன்றார். பதில் இல்லை. டீச்சர் திரும்பி வந்து, கல்யாண வீட்டு சாம்பார் வாளியின் மேல் உட்கார்ந்து முகம் துடைத்தார். இவர் மறுபடி முயன்றார். மறுக்கப்பட்டது.

கோதண்டம் நாற்காலியைத் திருப்பி அவரையே பார்த்தார்.

"இன்னா சார், இப்டி மொறச்சிக்கினு இருக்கீங்க?"

"டீச்சர், கொஞ்சம் வெளிய போங்க."

"நான் இன்னா சார் பண்ணேன்?"

"ஒண்ணும் இல்ல. மண்டபத்து கேட் வரைக்கும் போய் நில்லுங்க. போன எடுத்துக்கினு போங்க."

"பரிட்சைல பிட்டு அடிச்ச பையன நான் இப்டித்தான் வெளிய அனுப்புவேன்," என்று முணுமுணுத்தபடி டீச்சர் போனார். பதில் இல்லை என்று வந்தது. "வாங்க" என்று கோதண்டம் கத்தினார். டீச்சர் உள்ளே கால் வைத்த கொஞ்ச நேரத்தில், மறுக்கப்பட்டது.

ஒரே வைஃபையில் இருக்கும் கம்ப்யூட்டர், போன் ஒவ்வொன்றுக்கும் ரௌட்டர் என்ற பெட்டி வீட்டு எண் போல ஓர் எண் கொடுக்கும், அந்த எண்ணைத் தேடித்தான் வெப் சர்வர் போகும். அப்போதுதான் அவர் அன்றைய மதியத்தில் முதல் முறையாக அப்ளிகேஷன் சர்வர் எந்த எண்ணில் இருக்கிறது என்று பார்த்தார். சொந்த வீட்டு எண்ணை யார் தினமும் வாசலுக்குப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அது பழைய எண்ணில் இல்லை. வேறு எண்ணில் இருந்தது. ரௌட்டரின் பட்டியலைத் திறந்தார். அப்ளிகேஷன் சர்வர் இருந்திருக்க வேண்டிய எண்ணில், பிரேமா என்ற பெயரோடு ஒரு போன் குடியிருந்தது.

எழுந்து அறைக்கு வெளியே போனார். ரௌட்டர் தாழ்வாரத்தில்தான் இருந்தது. அதன் பிளக் இருந்த இடத்தில் யாரோ ஒரு பிளக் பலகை மாட்டி, ஒரு டஜன் போன்கள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. ரௌட்டரையும் மனசாட்சியோடு அதே பலகையின் ஓரத்தில் சேர்த்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு குடும்பமே படுத்து உறங்கியது. கிருத்திகைக்கு வருகிறவர்கள் எங்கே பிளக் கண்டாலும் செய்வதுதான். பிடுங்கி மாட்டிய அந்த ஒரு நிமிஷத்தில் ரௌட்டர் அணைந்து எழுந்து, எல்லோருக்கும் எண்களைப் புதிதாகப் பங்கு போட்டிருக்கிறது. டீச்சரின் போன் முந்திக்கொண்டது.

பழைய ரௌட்டராக இருந்தால் இப்படி ஆகியிருக்காது. அதில் இந்த எண் அப்ளிகேஷன் சர்வருக்கு மட்டும் என்று எழுதி வைத்திருந்தார். அது போன வாரம் மழையில் நனைந்து செத்தது. கடைத்தெருவில் புதிது வாங்கி அவரே மாட்டினார், அந்த ஒன்றை மட்டும் எழுத மறந்தார். தற்செயலாக அதே எண் கிடைத்ததால் காலை முழுக்கத் தப்பித்தார். பழியை யார் மேலும் போட வழியில்லை.

"என் போனா?" டீச்சர் போனைக் கையில் ஏந்திப் பார்த்தார். "நான் கேக்கவே இல்லியே சார் அந்த நம்பர."

"வெப் சர்வர் உங்க போனாண்ட வந்து, காணாமப் போனவங்க பட்டியல் குடுன்னு கேட்டுக்கினு இருந்திருக்குது. உங்க போனுக்கு இன்னா தெரியும். ஒண்ணும் இல்ல, போன்னு சொல்லி அனுப்பிச்சி."

"பாவம். ரெண்டுத்துக்கும் பாவம்."

புது எண்ணை வெப் சர்வரில் எழுதி, மாற்றத்தை அது படித்துக்கொள்ளச் செய்தார். இந்த எண் இனி வேறு யாருக்கும் இல்லை என்று ரௌட்டரிலும் எழுதினார். வெப் சர்வர் வழியாகப் பக்கத்தைத் திறந்தார். திறந்தது. பந்தலில் இருந்து யாரோ "வந்துட்ச்சி" என்று கத்தியது உள்ளே வரை கேட்டது. மணி நாலரை ஆகியிருந்தது.

கமலாவின் விவரத்தை டீச்சர் முதலில் ஏற்றினார். சுருட்டை முடி, நரை, பெரிய மீசை, பேச வராது. பிறகு கிடைத்திருந்த ஆண்களின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். கமலா திரைக்கு முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். இல்லீங்க. இல்லீங்க. இவரு இல்ல. பஸ் ஸ்டாண்டு மொட்டை ஆளும் வந்து, இல்லீங்க என்ற பதிலோடு போனார். பட்டியல் முடிந்தது. கமலா அண்டாவின் மேல் போய் உட்கார்ந்தார். காலை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக்கொண்டார்.

கோதண்டம் அந்தக் கால்களைப் பார்த்தார். மதியம் முழுக்க ஒரு சொல்லை நம்பி ஏமாந்தது அவருக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. மறுத்தது என்று எண்ணிய இடத்தில் மறுப்பே இல்லை, பதில் தெரியாத ஒன்றுதான் இருந்தது.

"டீச்சர், அந்த பஸ் ஸ்டாண்டு ஆளத் திரும்பக் காட்டுங்க."

"மொட்டையா? அவரு பேரு சொல்ல மாட்டேன்றாரு சார். எழுதியிருக்காங்களே."

"மாட்டேன்றாரா, முடியலையா? அங்க இருக்கறவங்களுக்கு எப்டித் தெரியும்?"

டீச்சர் படத்தைத் திறந்து பெரிதாக்கினார். சந்தனம் வழிந்த மொட்டைத் தலை. மழித்த மேலுதடு, வெயில் படாத வெளுப்போடு. கண்கள் படம் எடுத்தவரைப் பார்க்காமல் எங்கோ பக்கவாட்டில். நெஞ்சோடு சேர்த்து அணைத்திருந்தது பை இல்லை. ஒரு ஜோடிச் செருப்பு. பெண்கள் செருப்பு. ஒன்றின் வார் அறுந்து, நீல ஒயர் போட்டு முடியப்பட்டிருந்தது.

"அம்மா, மூஞ்சிய வுடுங்க. கையப் பாருங்க," என்றார் கோதண்டம்.

கமலா எழுந்து வந்தார். கையைப் பார்த்தார். பிறகு முகத்துக்குப் போனார். திரும்பவும் கைக்கு வந்தார்.

"அந்த ஒயரு தறியாண்ட கெடந்தது. அவருதான் கட்டிக் குடுத்தாரு," என்றார். "யாரு மொட்ட போட்டது இவருக்கு? எங்களுக்கு வேண்டுதலே கெடையாதே."

யாரும் போட்டிருக்க வேண்டியதில்லை. மொட்டை போடும் இடத்து வரிசையில் தெரியாமல் போய் நின்றிருப்பார். கையில் டோக்கன் கொடுத்து உட்கார வைத்திருப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வேண்டுமே.

"அந்தப் பந்தல எட்டிப் பாத்தேன்," என்றார் கமலா. குரல் மெதுவாக இருந்தது. "வாசல்ல நின்னு, நம்ம ஆளு இல்லன்னு திரும்பிட்டேன். நான் வந்து போனத அவரு பாத்துக்கினு இருந்திருப்பாரு."

டீச்சர் திரையில் 'உறவினர் வருகிறார், அனுப்ப வேண்டாம்' என்று எழுதி அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் பஸ் ஸ்டாண்டு பந்தலில் இருந்து பதில் வந்தது. வேன் வந்து நிற்கிறது, இவரை ஏற்றவில்லை. டீச்சர் தன் செருப்பைக் கழற்றிக் கமலாவின் காலடியில் தள்ளினார்.

"போட்டுக்கங்க. எனக்கு மண்டபத்துக்குள்ளதான வேல. வாங்க, கேட் வரைக்கும் நானும் வரேன். அங்க எங்க ஆளு ஒருத்தரு கூட்டினு போவாரு."

கமலா அறை வாசலில் நின்று திரும்பினார். "வரேங்கண்ணா. நீங்களும் வாங்களேன். அவரப் பாக்கலாம்."

"இல்லம்மா. இத வுட்டு வர முடியாது. நீங்க போங்க."

போனார்கள். அண்டாக்கள் ரீங்காரம் செய்துகொண்டிருந்தன. அடுத்தடுத்து விவரங்கள் வந்து குவிந்தன. மதியம் முழுக்கத் தேங்கியிருந்தவை. ஒரு சிறுமி, இரண்டு கிழவர்கள், பெயர் தெரியாத ஒரு பெண். கோதண்டம் ஒவ்வொன்றாக ஏறுகிறதா என்று பார்த்தார். ஆனால் கண் அடிக்கடி பஸ் ஸ்டாண்டு வரிக்கே போய் வந்தது. மதியம் முழுக்க அந்த ஆளோடு இருந்திருக்கிறார். எத்தனை தடவை அவர் வந்து நின்றார், எத்தனை தடவை இவர் சரி வேலை செய்கிறது என்று தள்ளிவிட்டார்.

வெளியே வெயில் தாழ்ந்து, தெப்பத்துக்கான மேளம் பொய்கைப் பக்கம் ஆரம்பித்தபோது, அந்த வரியின் கடைசியில் இருந்த சொல் மாறியது. 'காத்திருக்கிறார்' போய், 'ஒப்படைக்கப்பட்டார்' என்று வந்தது. பெயர் என்ற இடத்தில் வீராசாமி. அவ்வளவுதான் தெரிந்தது. கமலா அவரைத் திட்டினாரா, அழுதாரா, செருப்பை வாங்கிக்கொண்டாரா, அதெல்லாம் திரைக்கு வராது. கோதண்டம் அந்தச் சொல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரயில் நிலையப் பந்தலில் இருந்து ஒரு படம் ஏற மறுக்கிறது என்று செய்தி வர, அதைப் பார்க்கப் போனார்.

ஏழு மணி சுமாருக்குக் கூட்டம் குறைந்து டவருக்கு மூச்சு வந்தது. போன் அடித்தது.

"காலைல இருந்து போட்டுக்கினே இருக்கேன். லைனே கெடக்கல," என்றாள் மணியம்மை. "சாப்ட்டியா?"

அவர் காலையிலிருந்து மோர் மட்டும்தான் குடித்திருந்தார்.

"ஆங்," என்றார். "மணி, இன்னிக்கி ஒரு ஆளு வந்தாரு..."

"இரு இரு. பாப்பா கீழ விழுந்துட்டா." போனைத் தூரத்தில் வைத்த சத்தம். குழந்தை அழுகிற சத்தம். மோனிஷாவின் குரல். கோதண்டம் போனைக் காதிலேயே வைத்துக் காத்திருந்தார். அங்கே மிக்ஸி ஓடியது. யாரோ டிவியின் ஒலியைக் கூட்டினார்கள். பிறகு கட் ஆனது.

திரும்ப அடிக்கும் என்று போனை மேஜையின் மேல், இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் நடுவே வைத்தார்.

டீச்சர் செருப்பைக் கையில் பிடித்தபடி வந்து, பந்தல்களை மூடுகிறார்கள் என்றார். "அந்தம்மா செருப்பத் திருப்பி அனுப்பிச்சிட்டாங்க சார். தன்னுத கெடச்சிட்ச்சாம்." செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டார். "தெப்பம் பாக்க வரீங்களா? எல்லாரும் போறோம்."

"நீங்க போங்க டீச்சர். இத அணைச்சிட்டு வரேன்."

அவர் அணைக்கவில்லை. யாராவது இன்னும் தேடி வரலாம் என்று இரண்டையும் ஓட விட்டு, அறையிலேயே இருந்தார்.

மறுநாள் காலை மண்டபத்தில் ஒரு நிச்சயதார்த்தம். சமையல்காரர்கள் அண்டாக்களை எடுக்க வந்தார்கள். கோதண்டம் இரண்டு கம்ப்யூட்டர்களையும் ரௌட்டரையும் அட்டைப் பெட்டியில் கட்டி, ஆட்டோவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு அவை மறுபடி வெளியே வரும்.